தொடாமல் வெப்பம் அறிதல்

கொல்லன் உலையில் காயும் இரும்பைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அதன் நிறத்தைப் பார்க்கிறான். மங்கிய சிவப்பு செஞ்சிவப்பாகி, அது மஞ்சளாகி, மஞ்சள் வெண்மையை நெருங்குவதைக் கண்டே, சம்மட்டியை ஓங்கும் வேளை எது என்பதை அறிந்துகொள்கிறான். செங்கற்சூளையின் எதிரே சில அடி தொலைவில் நிற்பவரும் அவ்வாறே சூளையைத் தொடாமல் அதன் வெப்பத்தை உணர்கிறார். காற்று அவர் முதுகுப்புறமிருந்து சூளையை நோக்கி வீசினாலும், அனல் அவர் முகத்தைத் தாக்கத்தான் செய்கிறது. எனவே, அந்த வெப்பத்தைச் சுமந்து வருவது காற்று அன்று என்பது தெளிவு. சூளையிலிருந்து ஒருவகைக் கதிர்கள் புறப்பட்டு நேரே வருகின்றன. அவையே முகத்தில் பட்டு வெப்பமாக மாறுகின்றன.

உலையிலிருந்து எடுத்த இரும்பைப் பட்டடைமேல் கிடத்தி ஆறவிட்டால், அதன் ஒளி படிப்படியாக மங்கி, ஏறத்தாழ 525 பாகை செல்சியஸ் அளவில் முற்றிலும் மறைந்துவிடும். அப்பொழுது அது கறுத்த இரும்புத் துண்டாகவே கண்ணுக்குத் தோன்றும். அதனை ஆறிப்போனதாகக் கருதிக் கையால் எடுக்க முனைபவன் என்ன ஆவான் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஒளி நின்றதேயன்றிக் கதிர் நிற்கவில்லை. கண்ணால் காண இயலாத கதிர்கள் அவ்விரும்பிலிருந்து இன்னும் புறப்பட்டுக்கொண்டேயிருக்கின்றன. இரும்பு மட்டுமா? சுவரும் மரமும் மேசையும் மனித உடலும், ஏன், பனிக்கட்டியுங்கூடத் தத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப இத்தகைய கதிர்களை இடையறாது வெளிவிடுகின்றன. இவற்றை அகச்சிவப்புக் கதிர்கள் என்பர்.

இக்கதிர்களை முதன்முதலில் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூல் அறிஞர். ஜெர்மனியில் ஹானோவர் நகரில் 1738ஆம் ஆண்டு பிறந்து, இங்கிலாந்தில் குடியேறி, இசையாசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். 1781இல் யுரேனசுக் கோளைக் கண்டறிந்து உலகப்புகழ் எய்தினார். கதிரவனைத் தொலைநோக்கியால் ஆராய்கையில், கண்ணைக் காக்கும்பொருட்டுப் பல நிறக் கண்ணாடிகளை அவர் பயன்படுத்தினார். சில கண்ணாடிகளின் வழியே ஒளி மிகக் குறைவாக வந்தபோதிலும் வெப்பம் மிகுதியாக உணரப்பட்டது. வேறு சிலவற்றில் ஒளி மிகுதியாகவும் வெப்பம் குறைவாகவும் இருந்தன. இந்தச் சிறு வேறுபாட்டை அவர் அலட்சியம் செய்துவிடவில்லை. 1800ஆம் ஆண்டில் முப்பட்டகம் ஒன்றின் வழியாகக் கதிரொளியைச் செலுத்தி, அதனை வானவில்லின் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் குமிழ் கறுப்பாக்கப்பட்ட வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவில் 2 பாரன்ஹீட் பாகையும், பச்சையில் மூன்றேகால் பாகையும், சிவப்பில் ஏறத்தாழ 7 பாகையும் வெப்பம் ஏறிற்று. பின்னர் அவர் வெப்பமானியைச் சிவப்புக்கு அப்பால், ஒளியே விழாத இடத்தில் வைத்தார். அங்கே வெப்பம் இன்னும் மிகுதியாக இருந்தது! இருளாகத் தோன்றிய அவ்விடத்திலும் கதிர் விழுந்துகொண்டிருந்தது என்பது அதனால் விளங்கிற்று.

ஒரு பொருள் வெளிவிடும் கதிரின் அளவுக்கும் அதன் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை 1879இல் ஆஸ்திரிய அறிஞர் ஸ்டெபான் கண்டறிந்தார். அவர் மாணவர் போல்ட்ஸ்மன் 1884இல் அதற்குக் கணித விளக்கம் தந்தார். தனிப்பூச்சியத்திலிருந்து கணக்கிடப்படும் வெப்பநிலை இரு மடங்கானால், கதிர் இரு மடங்கன்று, பதினாறு மடங்காகிறது. 27 பாகை செல்சியசில் உள்ள பொருள் 327 பாகைக்குக் காய்ந்தால் நிகழ்வது இதுவே. ஆதலால், வெப்பநிலையில் நேரும் சிறிய மாறுதலும் கதிரில் நன்கு புலப்படும். அக்கதிரை அளந்தால் வெப்பநிலையைக் கணக்கிட்டுவிடலாம் அன்றோ? அகச்சிவப்பு வெப்பமானியின் அடிப்படை அவ்வளவே.

கோவிட் பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில், பள்ளி வாயிலிலும் கடை வாயிலிலும் நெற்றிக்கு நேரே பிடிக்கப்பட்ட சிறு கருவியைப் பலர் கண்டிருப்பர். தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் பயன்படுவது அதன் உடன்பிறப்பு. கைத்துப்பாக்கியின் வடிவுடைய இக்கருவியின் முகப்பில் ஒரு வில்லை உண்டு. அது கதிர்களைக் குவித்து, உள்ளே இருக்கும் தெர்மோபைல் என்னும் வெப்பமின்னடுக்கின்மீது விழச் செய்கிறது. வெவ்வேறு உலோகங்களின் இணைப்புகளுள் ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ச்சியாகவும் இருந்தால் அங்கே மின்சாரம் பிறக்கும் என்பது 1821இல் சீபெக் என்பவர் கண்ட உண்மை. அத்தகைய இணைப்புகள் பலவற்றை வரிசையாகச் சேர்த்ததே இம்மின்னடுக்கு. அதில் தோன்றும் நுண்ணிய மின்னழுத்தம் எண்ணாக மாற்றப்பட்டு, விசையை அழுத்திய ஒரு நொடிக்குள் கருவியின் முதுகில் தெரிகிறது. கருவியிலிருந்து பாயும் சிவப்புப் புள்ளியே வெப்பத்தை அளந்து வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அந்த லேசர் ஒளி குறி பார்ப்பதற்கு மட்டுமே உரியது. அதனை அணைத்துவிட்டாலும் கருவி அளக்கும்.

இனி இக்கருவியின் தேவை மிகுதியாக உள்ள இடத்திற்கு வருவோம். பெரிய மருத்துவமனை ஒன்றின் மின்பலகையை மனத்தில் கொள்க. அறுவை அரங்கின் விளக்குகளும், மருந்துகளைக் காக்கும் குளிர்ப்பெட்டிகளும், நோயாளிகள் உயிர்க்காற்றுப் பெறும் இயந்திரங்களும் அப்பலகையிலிருந்து வரும் மின்சாரத்தையே நம்பியுள்ளன. அதில் நூற்றுக்கணக்கான கம்பிகள் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒரே ஒரு திருகாணி தளர்ந்துவிட்டால் யாது நேரும்?

மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் அங்கே தோன்றும் வெப்பத்தின் வீதம் கிடைக்கும் என்பது ஜூல் கண்ட விதி. நன்கு இறுக்கப்பட்ட இணைப்பின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். 20 ஆம்பியர் ஓடும்போது அங்கே தோன்றுவது 0.4 வாட் வெப்பமே. அது பொருட்படுத்தத் தக்கதன்று. திருகாணி தளர்ந்து தடை பத்தில் ஒரு பங்கு ஓமாக உயர்ந்தால் வெப்பம் 40 வாட் ஆகிவிடும். வானொலிப் பெட்டியைப் பழுதுபார்ப்பவர் ஈயக்கலவையை உருக்கக் கையாளும் பற்றவைப்புக்கோலுக்கு 25 வாட்டே போதும். அதனினும் மிகுந்த வெப்பம், மூடிய பெட்டிக்குள், நெகிழிக் காப்புறைக்கு நடுவே, இரவும் பகலும் தோன்றிக்கொண்டிருக்கும். சாதாரண பி.வி.சி. காப்புறை 70 பாகைக்கு மேல் நெடுங்காலம் தாங்குவதற்கென அமைந்ததன்று என்பதையும் இங்கு நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால், நம்மைக் காப்பதற்கென்றே அமைக்கப்பட்ட உருகி எரிந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடாதா? துண்டிக்காது. உருகி காவல் காப்பது அளவுமீறிய மின்னோட்டத்தையே. தளர்ந்த இணைப்பில் ஓடுவதோ வழக்கமான மின்னோட்டந்தான். தடை கூடியதால் அது இம்மியளவு குறைந்துங்கூட இருக்கும். விளக்கு மங்கிக் காட்டிக்கொடுக்குமோ என்றால் அதுவும் இல்லை. 20 ஆம்பியரில் அந்த இணைப்பு விழுங்குவது 2 வோல்ட்; 230 வோல்ட்டில் இரண்டு குறைவதை விளக்கும் உணர்த்தாது, விசிறியும் உணர்த்தாது. காவலன் விழித்திருக்கும்போதே அவன் கண் படாத வழியாகக் கள்வன் நுழைவதைப்போன்றது இது. வெளியே தெரியும் ஒரே அடையாளம் வெப்பம். அதுவும் மூக்குக்குக் கருகல் நாற்றமாக எட்டும்போது காலம் கடந்திருக்கும்.

மேலும், இக்கேடு தானாகவே வளரும் இயல்புடையது. சூடேறினால் உலோகம் விரிகிறது. சுமை குறைந்து ஆறினால் சுருங்குகிறது. நாள்தோறும் இவ்வாறு விரிந்து சுருங்கித் திருகாணி மேலும் தளர்கிறது. சூடான பரப்பில் ஆக்சைடுப் படலம் படர்ந்து தடை மேலும் உயர்கிறது. தடை உயர வெப்பம் உயரும். வெப்பம் உயரத் தடை உயரும். அலுமினியக் கம்பிகளில் இத்தொல்லை மிகுதி. ஏனெனில், அலுமினியத்தின் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாதது. அழுத்தத்திற்கு உட்பட்ட அலுமினியம் மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுப்பதும் உண்டு.

சோதனை செய்பவர் அறியவேண்டிய முதற் செய்தி, மின்சுமை போதிய அளவு ஓடும் வேளையிலேயே அளக்கவேண்டும் என்பது. விடுமுறை நாளில், எல்லா இயந்திரங்களும் ஓய்ந்திருக்கையில் அளந்தால் பழுதான இணைப்பும் நல்லதுபோலவே குளிர்ந்திருக்கும். பாதிச் சுமையில் அளந்தாலும் வெப்பம் பாதியன்று, கால் பங்கே தோன்றும். முழுச்சுமையில் 40 பாகை மிகுந்து காயும் இணைப்பு, அரைச்சுமையில் ஏறத்தாழ 10 பாகை மட்டுமே மிகுந்து காட்டும்.

இரண்டாவது செய்தி இதனினும் இன்றியமையாதது. கருவி காட்டும் எண்ணைத் தனியே வைத்து எதையும் முடிவு செய்தல் ஆகாது. ஒத்த ஒன்றோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் பலகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று கம்பிகள் அருகருகே அமைந்திருக்கும். அவற்றின் முனைகள் 41, 42, 67 பாகை எனக் காட்டினால், மூன்றாவதைப் பற்றி ஐயம் எழவேண்டும். முதலில் மூன்றிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்து பார்க்கவேண்டும். நீலத்தில் மட்டும் சுமை மிகுதியாக இருந்தால் அது காய்வது இயற்கையே. சுமை மூன்றிலும் ஒத்திருந்தால், அடுத்து அக்கம்பியின் நீளத்தில் சற்றுத் தள்ளி அளக்கவேண்டும். முனையில் மிகுந்து, விலகிச் செல்லச் செல்லக் குறைந்தால் பழுது இணைப்பில் உள்ளது. கம்பி முழுவதும் ஒரே அளவாகச் சூடாக இருந்தால், இணைப்பின்மேல் குற்றமில்லை. அந்தக் கம்பி தன் தகுதிக்கு மீறிய சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முன்னதற்குத் திருகாணியை முறைப்படி இறுக்குதலோ, முனையை மாற்றுதலோ போதும். பின்னதற்குச் சுமையைக் குறைக்கவோ, பெரிய கம்பியை இடவோ வேண்டும். எல்லாம் சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருப்பதும் சில வேளைகளில் பழுதின் அடையாளமே. அங்கே மின்சாரம் செல்லாமல் நின்றுபோயிருக்கலாம்.

ஒப்பீட்டில் எவ்வளவு வேறுபாடு கண்டால் அஞ்சவேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் நேட்டா என்னும் மின்சோதனையாளர் சங்கம் ஓர் அளவுகோல் வகுத்துள்ளது. ஒரேவகைச் சுமை தாங்கும் ஒத்த உறுப்புகளிடையே 3 பாகை வரை வேறுபாடு இருப்பின் கவனித்து ஆராயவேண்டும். 4 முதல் 15 வரை இருப்பின் பழுது இருக்கக்கூடும். 15ஐக் கடந்தால் உடனே செப்பனிட வேண்டும். மேலே கண்ட நீலக் கம்பியின் வேறுபாடு 25 பாகை. அதனை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைத்தல் கூடாது என்பது இதனால் விளங்கும்.

இவ்வளவு எளிதானால் யாரும் இதனைக் கையாளலாமே என்று தோன்றும். ஆனால், இக்கருவி பொய் சொல்லவும் வல்லது. அது பொய் சொல்லும் இடங்களை அறிந்தவரே இதனைக் கையாளத் தகுதியுடையவர்.

பளபளப்பான உலோகத்திடம் இக்கருவி பெரிதும் ஏமாந்துபோகிறது. எல்லாப் பொருள்களும் ஒரே வெப்பநிலையில் ஒரே அளவு கதிரை வெளிவிடுவதில்லை. வெளிவிடும் திறனை உமிழ்திறன் என்பர். சுவர்ப் பூச்சு, மரம், மனிதத் தோல், கறுப்பு மின்நாடா ஆகியவற்றுக்கு அது 0.9க்கு மேல். மெருகேற்றிய செம்புக்கோ 0.05 அளவே. அது தன் கதிரைத் தருவதற்கு மாறாகச் சுற்றுப்புறத்தின் கதிரைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது. கருவிகள் பலவும் 0.95 என்ற உமிழ்திறனுக்கென அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே, 30 பாகை வெப்பமுள்ள அறையில், 90 பாகைக்குக் காய்ந்திருக்கும் பளபளப்பான செப்புப் பட்டையை நோக்கினால், கருவி 35ஐக்கூட எட்டாத எண்ணையே காட்டும்! அந்த எண்ணை நம்பி, ‘குற்றம் இல்லை’ என்று ஏட்டில் எழுதிவிட்டுச் செல்பவர் எரிமலையின்மேல் பாயை விரித்து உறங்குபவர் ஆவார். அறிந்தவர் செப்பை விட்டுவிட்டு, அதனை அடுத்துள்ள கம்பியின் காப்புறையை அளப்பர். அல்லது மின்சாரத்தை முற்றிலும் நிறுத்தி, தக்க பயிற்சி பெற்றவரைக் கொண்டு உலோகத்தின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டி, மீண்டும் மின்சாரம் செலுத்திச் சுமை ஏறியபின் அந்நாடாவை அளப்பர்.

தொலைவும் ஏமாற்றும். கருவி நோக்குவது ஒரு புள்ளியை அன்று, ஒரு வட்டத்தை. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவுடைய கருவி 120 சென்டிமீட்டர் தொலைவில் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத்தை நோக்குகிறது. 2 சென்டிமீட்டர் அகலமுள்ள இணைப்பு அவ்வட்டத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கே. இணைப்பு 90 பாகையிலும் சுற்றுப்புறம் 35 பாகையிலும் இருந்தால், கருவி ஏறத்தாழ 38 என்றே சொல்லும். சரியான எண் வேண்டுமானால் 24 சென்டிமீட்டருக்கு உள்ளாக நெருங்கவேண்டும். ஆனால், மின்சாரம் ஓடும் திறந்த பலகையின் அருகில் அவ்வாறு கையை நீட்டுவது உயிருக்கே உலை வைக்கும் செயல். எனவே, மின்சோதனைக்கு ஐம்பதுக்கு ஒன்று போன்ற கூரிய நோக்குடைய கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஒரு மீட்டர் தொலைவில் நின்றே 2 சென்டிமீட்டர் வட்டத்தை அளந்துவிடும். கருவி எதையும் தொடுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் பலகையின் கதவைத் திறந்தவுடனேயே அபாயம் திறந்துவிடுகிறது. உரிய காப்புடையும் பயிற்சியும் உடைய மின்பணியாளரைத் தவிர வேறு எவரும் அக்கதவைத் திறத்தல் கூடாது. கண்ணாடிக் கதவைத் திறக்காமலே அளந்துவிடலாம் என்று எண்ணுவதும் வீண். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் கண்ணாடி, இக்கதிர்களுக்குக் கற்சுவரே. கருவி கண்ணாடியின் வெப்பத்தைச் சொல்லுமேயன்றி உள்ளிருப்பதைச் சொல்லாது.

குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கு எடுத்துச் சென்றவுடனும் கருவியை நம்பலாகாது. அது தன் உடல் வெப்பத்தோடு ஒப்பிட்டே பிறவற்றை அளப்பதால், புதிய இடத்தின் வெப்பத்திற்கு அதுவும் பழகவேண்டும். அதற்கு அரைமணி நேரம் விட்டுவைத்தல் நன்று.

கட்டடங்களில் இக்கருவியின் பணி வேறு வகையானது. அங்கே பெரும்பாலும் தேடப்படுவது வெப்பம் அன்று, குளிர்ச்சி. மண்பானையில் ஊற்றிய நீர் ஏன் குளிர்கிறது என்பதைச் சிறுவரும் அறிவர். பானையின் புறத்தே கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஈரம் ஊறிய சுவரும் ஒரு பெரிய பானையே. கூரையிலிருந்தோ, உடைந்த குழாயிலிருந்தோ நீர் கசிந்து சுவருக்குள் பரவும்போது, மேற்பூச்சில் கறை தோன்றுவதற்கு முன்பே அவ்விடம் சுற்றியுள்ள சுவரினும் சில பாகை குளிர்ந்திருக்கக் கூடும். சுவரை முழத்துக்கு முழம் அளந்து, எண்களைச் சுண்ணக்கட்டியால் அங்கங்கே குறித்துவந்தால், ஈரத்தின் எல்லை படம் வரைந்ததுபோல் வெளிப்படும். கசிவைத் தேடிச் சுவர் முழுவதையும் உடைக்கும் செலவு இதனால் மிச்சமாகும். ஆனால், குளிர்ச்சிக்கு ஈரம் ஒன்றே காரணம் என்று துணிந்துவிடலாகாது. சுவருக்குப் பின்னால் குளிர்காற்றுக் குழாய் செல்லலாம். அடுத்த அறை குளிரூட்டப்பட்டிருக்கலாம். ஈரமானியைக் கொண்டு உறுதி செய்த பின்னரே உளியை எடுக்கவேண்டும். மிகவும் காற்று ஈரமாக உள்ள மழைநாளில் நீர் ஆவியாவது குறைந்து, இவ்வேறுபாடே தோன்றாமல் போவதும் உண்டு.

கதவு, சன்னல் இடுக்குகளின் வழியே குளிர்காற்று வீணாவதையும், வெயிலில் கூரையின் எந்தப் பகுதி மிகுதியாகக் காய்கிறது என்பதையும், மின்னோடியின் உருள்தாங்கிகளுள் எது எண்ணெயின்றி வாடுகிறது என்பதையும் இவ்வாறே அறியலாம்.

ஒவ்வோர் இடமாக அளப்பதற்கு மாறாகப் பரப்பு முழுவதையும் ஒரே பார்வையில் படமாகக் காட்டும் கருவிகளும் உள்ளன. 1965ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் ஆகா நிறுவனம் உயர் அழுத்த மின்தடங்களைச் சோதிக்கத்தக்க வெப்பப்படக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அத்தகையவை கையடக்கமாகவே கிடைக்கின்றன. பெரிய மின்நிலையங்களில் அவையே வழக்கம். சிறிய ஆலைகளும் அலுவலகங்களும், விலை குறைந்த அகச்சிவப்பு வெப்பமானியோடு ஒரு சோதனை ஏட்டையும் வைத்துக்கொண்டால் பெரும்பயன் அடையலாம். ஒவ்வொரு பலகையிலும் அளக்கவேண்டிய இடங்களை வண்ணத்தால் குறித்து, அதே தொலைவில் நின்று, அதே கோணத்தில் அளந்து, அறையின் வெப்பத்தையும் அப்போதைய மின்னோட்டத்தையும் உடன் எழுதிவர வேண்டும். மின்னோட்டம் எழுதப்படாத எண் பின்னாளில் எதற்கும் உதவாது. திருகாணியை இறுக்கியபின், சுமை பழைய அளவுக்கு ஏறும்வரை பொறுத்திருந்து, அதே இடத்தை மறுமுறை அளப்பர். 67 என்று இருந்த முனை 42க்கு இறங்கியிருந்தால், அதனையும் நாளையும் ஏட்டில் குறித்துப் பலகையின் கதவை மூடுவர். இறங்கவில்லையெனில், மின்சாரத்தை நிறுத்தி, அம்முனையைக் கழற்றி, கருகிய பகுதியை வெட்டியெறிந்து, புதிய முனையைப் பொருத்துவர்.